போரில் தம்பியைப் பறிகொடுத்த பிறகு, அந்தப் போரில் அர்த்தம் தேட முடியுமா?

தம்பி இறந்த போர் தவறானது என்று இப்போது தோன்றுகிறது, அப்படியென்றால் அவன் சாவு வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். போர் நியாயமானதா என்பது ஒரு கேள்வி. அவன் வாழ்வுக்கு மதிப்பு உண்டா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் இரண்டாவதை அது தொடாது.

ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் மகன் பீட்டருக்கு, 18 வயதில் முதல் உலகப் போருக்குப் போகத் தந்தையின் அனுமதி வேண்டியிருந்தது. கணவரைச் சம்மதிக்க வைத்தவரே கேத்தேதான். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் இறந்தான். அந்தச் சாவு தியாகம் என்றே கேத்தே முதலில் நம்பப் பார்த்தார். அந்த நம்பிக்கையைக் கைவிட்டால் மகனுக்கே துரோகம் செய்வதாகுமோ என்று தவித்தார். உங்கள் தவிப்பும் இதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் போரையே வெறுத்தார், ஆனால் மகனுக்கான சிற்ப வேலையை மட்டும் விடவில்லை. 1932-இல் அது கல்லறைத் தோட்டத்தில் நிறுவப்பட்டது: மண்டியிட்ட தந்தை, குனிந்த தாய். தந்தை தன்னையே கைகளால் இறுக்கிக்கொண்டிருக்கிறார். முதல் வரைவில் இருந்த மகனின் உருவம் அதில் இல்லை. வீரமோ வெற்றியோ எதுவும் இல்லை.

அதனால் அவசரப்படாதீர்கள். 'நாட்டுக்காகப் போனான்' என்பவர்களுக்கும் 'அநியாயமாகப் போனான்' என்பவர்களுக்கும் இப்போதே பதில் சொல்லத் தேவையில்லை. அவனோடு இருந்தவர்களிடம் பேசுங்கள், அவன் பேச்சு, கோபம், பழக்கம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். தூக்கமும் சாப்பாடும் பல வாரமாகக் கெட்டிருந்தால், தயவுசெய்து ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள்.