உள்நாட்டு நீதிமன்றத் தீர்ப்பு வெளிநாட்டில் செல்லுமா?

கேள்வி: நாங்கள் தொழிற்சாலைகளுக்கான பம்புகள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம். முதன்முறையாக வெளிநாட்டில், ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில், விற்பனையைத் தொடங்கவிருக்கிறோம். அங்குள்ள நிறுவனம் ஒன்று ஐந்தாண்டுகளுக்கு எங்கள் ஏக விநியோகஸ்தராக இருக்க முன்வந்து வரைவு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அவர்கள் வாடிக்கையாளர்களைப் பேசி முடித்துத் தருவார்கள். நாங்கள் வாடிக்கையாளர் பெயரிலேயே பில் போட்டு, அவர்களுக்குக் கமிஷன் தருவோம். உதிரி பாகங்களை மட்டும் அவர்களே 90 நாள் கடனில் வாங்கி விற்பார்கள். எங்கள் வணிகச் சின்னத்தை அங்கே தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ள அனுமதியும் கேட்கிறார்கள். ஒப்பந்தம் முடியும்போது இழப்பீடு எதுவும் கிடையாது என்ற விதியை நாங்கள் சேர்த்திருக்கிறோம். தகராறு வந்தால் எங்கள் நாட்டுச் சட்டப்படி எங்கள் நாட்டு நீதிமன்றமே விசாரிக்கும் என்பதற்கு அவர்கள் உடனே சம்மதித்துவிட்டார்கள். தைரியமாகக் கையெழுத்திடலாமா?

பதில்: இந்த வடிவத்தில் கையெழுத்திட வேண்டாம். உங்களுக்குப் பெரிய பாதுகாப்பாகத் தோன்றும் நீதிமன்ற விதிதான் இந்த வரைவில் மிகவும் பலவீனமான இடம். எதிர்த்தரப்பு அதற்கு அத்தனை விரைவாகச் சம்மதித்திருப்பதே உங்களை யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

உதிரி பாகங்களுக்கான பணம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பும் பெற்றுவிடுகிறீர்கள். ஆனால் அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கும் கிடங்கும் சரக்கும் இருப்பது அவர்கள் நாட்டில். அங்கே தீர்ப்பை நிறைவேற்ற வேண்டுமானால், வெளிநாட்டுத் தீர்ப்பை அந்நாட்டுச் சட்டம் ஏற்கிறதா, இரு நாடுகளுக்கும் இடையே அதற்கான உடன்படிக்கை உண்டா என்ற கேள்விகள் எழும். தீர்ப்புகளைப் பரஸ்பரம் ஏற்பதற்கான 2019ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, டென்மார்க் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது என்றாலும், உங்கள் நாடும் அதில் சேர்ந்திருந்தால்தான் அதனால் பயன் உண்டு. அதுவும் இல்லை, வேறு உடன்படிக்கையும் இல்லை என்றால் அந்நாட்டு உள்நாட்டுச் சட்டத்தை மட்டுமே நம்ப வேண்டும். சில நாடுகளில் வழக்கை ஏறக்குறைய முதலிலிருந்து நடத்த வேண்டிய நிலைகூட வரலாம்.

நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் விசாரித்துத் தரும் தீர்ப்புக்கு, அதாவது ஆர்பிட்ரேஷனுக்கு, இந்தச் சிக்கல் மிகவும் குறைவு. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அனைத்தும் அதில் உண்டு. தீர்ப்பை நிறைவேற்ற மறுப்பதற்கான காரணங்களை அதன் ஐந்தாவது பிரிவு வரையறுத்துவிட்டது: முறையான அறிவிப்பு தரப்படாதது, நடுவர் தம் அதிகாரத்தை மீறியது, அந்நாட்டின் பொதுக்கொள்கைக்கு முரணானது போன்றவை அவை. நடுவர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது அந்தக் காரணங்களில் இல்லை. எனவே நடுநிலையான ஒரு நகரத்தை நடுவர் மன்றத்தின் சட்டபூர்வ இருக்கையாக, அதாவது எந்த ஊர்ச் சட்டத்தின்கீழ் நடுவர் விசாரணை நடக்குமோ அந்த இடமாக, குறிப்பிட்டு, எந்த அமைப்பின் விதிகள், எத்தனை நடுவர்கள், எந்த மொழி என்பவற்றையும் தெளிவாக எழுதுங்கள். உங்கள் வணிகத்தின் அளவுக்கு ஒரே நடுவர் போதும். மூவர் என்று எழுதினால் கட்டணம் சிறிய பாக்கித் தொகைகளை விழுங்கிவிடும். “நடுவர் மன்றமோ நீதிமன்றமோ விசாரிக்கலாம்” என்று இரண்டுங்கெட்டானாக எழுதிவிடாதீர்கள். பாக்கியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, எங்கே பேசுவது என்பதில் ஒரு வழக்கு நடந்து முடிய வேண்டியிருக்கும்.

அடுத்தது அவர்களின் சட்டத் தகுதி. ஒப்பந்தத்தின் தலைப்பு விநியோகஸ்தர் என்று சொன்னாலும், சட்டம் பார்ப்பது உண்மையில் நடப்பதை. வாடிக்கையாளரை உங்களுக்காகப் பேசி முடித்துக் கமிஷன் பெறுபவர், பம்புகளைப் பொறுத்தவரை, வணிக முகவர். அத்தகைய முகவர்களைக் காக்க ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் 1986இல் பிறப்பித்த 86/653 எண் நெறிமுறை ஒவ்வோர் உறுப்பு நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. ஒப்பந்தம் முடியும்போது, அவர் தேடித்தந்த வாடிக்கையாளர்களால் நீங்கள் தொடர்ந்து பயனடைவீர்கள் என்றால், அவருக்குத் தொகை தர வேண்டியிருக்கும். பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் முறையில், கடந்த ஐந்தாண்டு வருமானத்தின் ஓராண்டுச் சராசரியே அதன் உச்சவரம்பு; பிரான்ஸைப் போல் வேறு முறையைத் தேர்ந்துகொண்ட நாடுகளில் அந்த வரம்பும் கிடையாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது இந்த உரிமையை முகவருக்குப் பாதகமாக எழுதி விலக்க முடியாது என்பதால், நீங்கள் சேர்த்த விதி அங்கே செல்லாது. உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்திருப்பதும் உதவாது: கலிபோர்னியச் சட்டத்தைத் தேர்ந்திருந்த ஒரு நிறுவனத்தின் வழக்கில், முகவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் பணிபுரிந்திருந்தால் இந்தப் பாதுகாப்பைத் தவிர்க்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. இந்த உரிமையைப் பறிப்பதற்கான வழியாக நடுவர் விதி அமைந்தால், அதையும் ஏற்க மறுக்கும் நீதிமன்றங்கள் அங்கே இருக்கின்றன.

முகவராக வைத்திருப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொகையைக் கணக்கில் கொண்டு கமிஷனை நிர்ணயியுங்கள். அல்லது பம்புகளையும் அவர்களே சொந்தப் பெயரில் வாங்கி விற்கும்படி மாற்றுங்கள். ஆனால் அப்படி மாற்றினால், அவர்கள் விற்கும் குறைந்தபட்ச விலையை நீங்கள் கட்டளையிடக் கூடாது. அது ஐரோப்பியப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது. முகவராகவே நீடித்து, உங்களுக்காக மட்டும் இயங்கி, ஒப்பந்தங்களை வழக்கமாக முடித்துத் தருவார்களானால், அங்கே உங்களுக்கு நிரந்தரத் தொழில் நிலையம் இருப்பதாக வரித்துறை கருதி, அந்த லாபத்துக்கு அங்கேயும் வரி கேட்கும் வாய்ப்பு உண்டு. இரு நாடுகளுக்கு இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தை உங்கள் தணிக்கையாளர் படித்துப் பார்க்கட்டும்.

வணிகச் சின்னத்தைப் பற்றி அவர்கள் கேட்பதை எந்தச் சூழ்நிலையிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முகவர் ஒருவர் உரிமையாளரின் அனுமதியில்லாமல் சின்னத்தைத் தன் பெயரில் பதிந்துகொண்டால், அதை எதிர்க்கவும் ரத்து செய்யக் கோரவும் தொழில்சார் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கை வழிசெய்கிறது. நீங்களே எழுத்தில் அனுமதி தந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பிறகு இவர்களை விட்டு வேறொருவர் மூலம் விற்க நினைத்தாலும், உங்கள் பெயர் பொறித்த பம்பையே அந்நாட்டில் தடுக்க அவர்களால் முடியும். ஸ்பெயினின் அலிகாந்தேயில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில் ஒரே விண்ணப்பத்தின் மூலம் 27 நாடுகளுக்கும் உங்கள் பெயரில் பதிவு பெறலாம். அது பத்தாண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் முடியும். அவர்களுக்குத் தேவை பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. ஒப்பந்தம் முடியும் நாளில் அதுவும் முடியும் என்று எழுதுங்கள்.

90 நாள் கடனுக்கு ஈடாக, நல்ல வங்கி ஒன்றின் உத்தரவாதத்தையோ ஸ்டாண்ட்பை எல்.சி.யையோ (அவர்கள் பணம் தராவிட்டால் வங்கி தருவதாக உறுதியளிக்கும் கடிதம்) கேளுங்கள். சரக்கை ஒப்படைக்கும் முறை வரைவில் வெறுமனே எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தருவது) என்று இருந்தால், சர்வதேச வணிகச் சொற்களின் தொகுப்பான இன்கோடெர்ம்ஸின் 2020 பதிப்பு என்பதையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். கன்டெய்னரில் அனுப்பும் சரக்குக்கு எஃப்.சி.ஏ. (குறிப்பிட்ட இடத்தில் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைப்பது) பொருத்தமானது. சர்வதேசச் சரக்கு விற்பனை குறித்த 1980ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் உங்கள் நாடு சேர்ந்திருந்தால், “எங்கள் நாட்டுச் சட்டம்” என்று எழுதும்போது அந்த உடன்படிக்கையும் சேர்ந்தே வந்துவிடும். அது உங்களுக்கு வேண்டுமா என்று முடிவு செய்து, வேண்டாமென்றால் வெளிப்படையாக விலக்கி எழுதுங்கள்.

இவற்றைச் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் சின்னப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகே திருத்திய வரைவை அனுப்புங்கள். சின்னப் பதிவுக்கான அனுமதி விதியை நீங்கள் நீக்கியிருப்பதைப் பார்த்தவுடன், நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை என்பதை அவர்கள் ஊகித்துவிட முடியும். அங்கே முந்தி விண்ணப்பித்தவருக்கே பெரும்பாலும் முன்னுரிமை. இழப்பீட்டுத் தொகை குறித்த பகுதியை மட்டும் அந்நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, எழுத்துபூர்வமான கருத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.