குறும்பி எடுக்கிற டாக்டர்தானா?

முதுநிலை நீட்டில் மகள் எடுத்த ரேங்குக்கு ரேடியாலஜி கிடைக்காது, இ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) கிடைக்கும். "இவ்வளவு படித்துவிட்டுக் காதில் குறும்பி எடுக்கவா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். ஐயா, மகளுக்கு அந்தத் துறை பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

குறும்பியும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால், அதே ஓ.பி.யில் உட்காருபவர் மறுநாள் தியேட்டரில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சைனஸுக்கு மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, எலும்பைத் துளைத்த காலம் ஒன்று இருந்தது. 1980களில் எண்டோஸ்கோப் பரவியதும் மூக்குத் துவாரமே வழியாகிவிட்டது. இப்போது நியூரோ சர்ஜனோடு சேர்ந்து, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியையே அந்த வழியில் எடுக்கிறார்கள்.

காது கேளாதவர்களுக்கு உள்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் இன்னும் நுணுக்கமானது. உள்காதுச் சுருள் இரண்டரைச் சுற்று. அதற்குள் மின்முனையை நெளியாமல் எப்படி நுழைப்பது? மெல்போர்னில் இதை ஆராய்ந்த கிரேம் கிளார்க், 1977இல் கடற்கரையில் ஒரு சங்கை எடுத்து அதற்குள் புல்லைச் செருகிப் பார்த்தார். நுனி துவண்டு, அடி விறைப்பாக இருந்த புல் உள்ளே போனது. அடுத்த ஆண்டே முதல் நோயாளிக்கு அவருடைய கருவி பொருத்தப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே இதைச் செய்கிறார்கள். கத்தியோடு வேலை முடியாது. பிள்ளை பேச, கேட்புப் பயிற்சி தரும் ஆடியாலஜிஸ்ட் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அவர்களோடு ஒத்துப்போகும் குணம் உங்கள் மகளுக்கு வேண்டும்.

ராத்திரி அழைப்பு இருக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். நிலக்கடலை மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொண்ட குழந்தை விடியும்வரை காத்திருக்காது. தனியாகக் கிளினிக் வைத்தால் மைக்ரோஸ்கோப், எண்டோஸ்கோப் என்று செலவும் கையைக் கடிக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆபரேஷனுக்கு ரோபோ இருக்கிறது என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். மூன்று வருட எம்.எஸ்.ஸில் பி.ஜி.க்கு (முதுநிலை மாணவருக்கு) அது கைக்கு வருவது அபூர்வம். காதைச் சுற்றியுள்ள எலும்பில் பழகும் டெம்போரல் போன் லேப் இருக்கிறதா, வாரத்துக்கு எத்தனை நாள் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். முகநரம்பு ஓடுகிற அந்த எலும்பில் டிரில் பிடிக்க, பிணத்தின் எலும்பில் பழகித்தான் கை வரும். சீனியர் பி.ஜி. ஒருவரைத் தனியாகப் பிடித்து, "நீங்களே முழுசாகச் செய்த மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னுள்ள எலும்பு) ஆபரேஷன் எத்தனை?" என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். அப்பா கேட்டால் உண்மை வராது.

கவுன்சலிங்கில் துறையையும் கல்லூரியையும் குறிக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் அவள் ஒரு நாள் காது ஆபரேஷன் பார்க்கட்டும். நடுக்காதில் இருக்கும் மூன்று மில்லிமீட்டர் அங்கவடி எலும்பைத் திரையில் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் முதலில் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். ரேங்க் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.