ஒரே பல்லுக்கு ஏன் இரண்டு மூன்று விலை?

கொழும்பில் கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை) போடக் கேட்டால், உலோகத்தைப் பொறுத்து விலை மாறுகிறதே, ஏன் என்பது கேள்வி. கிரவுனுக்கும், இல்லாத பல்லின் இடத்தை நிரப்பும் பிரிட்ஜுக்கும் போடுவது கலப்புலோகம், அதாவது பல உலோகங்களை உருக்கிச் சேர்த்தது. செட்டியார் தெருவில் 22 கரட் நகை வாங்குகிறோமே, அதிலும் செம்போ வெள்ளியோ கலந்திருக்கும், ஏனென்றால் தனித் தங்கம் மெது, வளைந்துவிடும். பல்லிலும் அதே கதைதான். கலவையில் தங்கமும் பலேடியம் என்ற விலையுயர்ந்த உலோகமும் கூடினால் விலை உலகச் சந்தையோடு ஆடும். பலேடியத்தின் பெரும்பகுதி பெட்ரோல் கார்களின் புகையைச் சுத்தமாக்கும் கருவிக்கே போவதால், அங்கே தட்டுப்பாடு வந்தால் நம் பல்லுக்கும் விலை ஏறும் (2022 மார்ச்சில் அவுன்ஸ் 3,000 டொலரைத் தாண்டியது!). நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம் மலிவு. நிக்கல் ஒவ்வாமை இருந்தால் மட்டும் டொக்டரிடம் முதலே சொல்லுங்கள். அப்புறம், மலிவு என்றால் பலமில்லை என்று நினைக்க வேண்டாம், இவை தங்கக் கலவையைவிடக் கடினமானவை.