சிறப்புக் கல்வி பத்தி கேளுங்க, இன்னிக்கு ராத்திரி 10 மணி வரைக்கும் டீச்சர் இருக்காங்க

வணக்கம். மலேசியாவுல, பினாங்குல 26 வருஷம் பிபிகேஐ, அதாவது சாதாரணப் பள்ளிக்குள்ளயே நடக்கிற சிறப்புக் கல்வி வகுப்பு எடுத்து ரிட்டயர் ஆனவ நான். ஸ்கூல், வகுப்பு, பிபிடிங்கிற மாவட்டக் கல்வி ஆபிஸ், இதுங்க பத்தி கேளுங்க. மருந்து மாத்திரை பத்தி என்கிட்ட கேக்காதீங்க, அது டாக்டர் வேலை.

பட்டர்வொர்த் அம்மா: டீச்சர், மகனுக்கு ஆட்டிசம்னு ஹாஸ்பிட்டல்ல சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு. பக்கத்துல இருக்கிற தமிழ்ப்பள்ளிக்குப் போனா, "எங்ககிட்ட பிபிகேஐ இல்ல, வேற எடம் பாருங்க"ன்னு ஆபிஸ் கவுண்டர்லயே அனுப்பிட்டாங்க.

கவுண்டர்ல சொல்றதெல்லாம் பதில் ஆகாதும்மா. 2019லேருந்து ஸீரோ ரிஜெக்ட்னு கொள்கை இருக்கு, சிறப்புத் தேவை உள்ள பிள்ளைய அரசாங்கப் பள்ளி வேணாம்னு திருப்பி அனுப்பக் கூடாது. வழி மூணு இருக்கு: தனி சிறப்புப் பள்ளி, சாதாரணப் பள்ளிக்குள்ள இருக்கிற பிபிகேஐ, இல்லன்னா மத்த பிள்ளைங்களோட ஒரே வகுப்புல உக்காந்து படிக்கிறது. எது சரின்னு கல்வி இலாகாதான் முடிவு பண்ணணும், சேர்த்துப் பார்க்க மூணு மாசம் வரைக்கும் டைம் இருக்குன்னு 2013 சிறப்புக் கல்வி விதியில இருக்கு. நீங்க டாக்டர் லெட்டர், சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) காப்பி ரெண்டு செட் எடுத்துக்கிட்டு நேரா பிபிடியில சிறப்புக் கல்வி ஆபிசரப் பாருங்க. ஸ்கூல்ல திரும்பவும் முடியாதுன்னா, "சரிங்க, அதை லெட்டர்ல எழுதிக் குடுங்க"ன்னு சிரிச்ச மொகத்தோட கேளுங்க. வாய்வார்த்தைய நம்பாதீங்க, எழுத்துல வாங்குங்க. முக்கால்வாசி எடத்துல எழுதச் சொன்னதுமே "உக்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா"ன்னு ஆரம்பிச்சிடும்.

செந்தூல் அப்பா: மகனுக்கு ஓகேயு கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அட்டை, எடுத்தா பின்னால வேலைக்கு, கல்யாணத்துக்குப் பிரச்சனை வருமா?

கார்டு பர்ஸுக்குள்ள இருக்கும் தம்பி, யாரும் நெத்தியில ஒட்டப் போறதில்ல. 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சமூக நல இலாகா குடுக்கிறது, காசு கட்ட வேணாம், டாக்டர் கையெழுத்து வேணும். டிஸ்லெக்சியா (வாசிக்கிறதுல வர்ற சிரமம்), ஏடிஎச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிறது), டவுன் சிண்ட்ரோம் எல்லாமே கற்றல் குறைபாடு பிரிவுல வருது. சிறப்புக் கல்வியில படிக்கிற பிள்ளைக்கு மாசம் 150 வெள்ளி (ரிங்கிட்) அலவன்ஸ் இருக்கு, அதுக்கும் கார்டு கேப்பாங்க. மாமியார் என்ன சொல்வாங்கன்னு யோசிச்சு ரெண்டு வருஷத்த விட்டவங்கள நான் நெறைய பார்த்துட்டேன்.

கெப்போங் அக்கா: மூணாம் ஆண்டு மகன், பேச்சு நல்லா இருக்கு, வாசிக்கத்தான் வரல. சோம்பேறின்னு டீச்சர் சொல்றாங்க.

இந்தச் சோம்பேறிங்கிற வார்த்தையக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்குதுங்க. என் வகுப்புல ஒரு பையன் இருந்தான், "கோழி"ய எப்பவும் "கேழி"ன்னுதான் வாசிப்பான். ஒரு மாசம் கழிச்சுத்தான் எனக்கே புரிஞ்சது, அவன் கண்ணுக்கு முன்னால இருக்கிற ரெட்டைக்கொம்பு தெரியுது, பின்னால வர்ற கால் தனியா நின்னு போகுது. தமிழ்ல ஒரு சத்தத்துக்கு எழுத்த சுத்தி ரெண்டு பக்கமும் பார்க்கணும், அது அந்தப் பிள்ளைக்கு மலை ஏறுற மாதிரி. அதுக்கு மேல மலாய், இங்கிலீஷ்னு இன்னும் ரெண்டு மொழி வேற. மைலோ டப்பா அட்டையில ஒரே ஒரு சொல் தெரியிற அளவுக்கு ஜன்னல் வெட்டிக் குடுத்தேன், கொம்பையும் காலையும் ஒரே செவப்புக் கலர்ல எழுதினேன், தட்டுல அரிசியப் பரப்பி வெரலால எழுத வச்சேன். ஆறு மாசத்துல "கோழி கொத்தியது" வந்துருச்சு, நான் வீட்டுக்குப் போய் அழுதேன். ஸ்கூல்ல டிஸ்லெக்சியா செக்லிஸ்ட் போடச் சொல்லிக் கேளுங்க. கேஎல்ல, கோலாலம்பூர்ல இருக்கீங்க, டிஸ்லெக்சியா சங்கம் தித்திவாங்சாவுலதான் இருக்கு, போய்ப் பாருங்க.

ஆயர் ஈத்தாம் தம்பி: அக்கா மகளுக்கு காது கேக்காது, எங்க சேர்க்கலாம்?

என் துறை இல்லப்பா. பினாங்குல காது கேளாத பிள்ளைங்களுக்கான பள்ளி 1954லேருந்து இருக்கு, தஞ்சோங் பூங்காவுல. அங்க விசாரிங்க, சைகை மொழிய வீட்ல எல்லாரும் சேர்ந்து கத்துக்குங்க.

கிள்ளான் அம்மா: ஓகேயு கார்டு எடுத்தா பேர் கெட்டுப் போகுமா டீச்சர்?

மேல செந்தூல் அப்பாவுக்குச் சொன்னதப் படிங்க.

ஒரு தலைமையாசிரியர்: டீச்சர், பெத்தவங்களுக்கு நீங்க ஆயுதம் குடுக்கிறீங்க. என்னோடது 150க்கும் கீழ பிள்ளைங்க இருக்கிற சின்னத் தமிழ்ப்பள்ளி. சிறப்புக் கல்வி படிச்ச ஆசிரியர் ஒருத்தரும் இல்ல. எல்லாத்தையும் சேர்த்துக்கிட்டா யார் பார்க்கிறது? பக்கத்து கெபாங்சாவுல, அதான் மலாய்ப் பள்ளியில, பிபிகேஐ இருக்கு, அங்க போனா பிள்ளைக்கும் நல்லதுதானே?

வாங்க சார், நீங்க கேட்டதுதான் நல்ல கேள்வி. ஆள் இல்லங்கிறது நெசம், நான் மறுக்கல. ஆனா கெபாங்சாவுக்கு அனுப்பினா வீட்ல தமிழ் பேசுற ஆட்டிசம் பிள்ளை இன்னொரு மொழியில முதல்லேருந்து ஆரம்பிக்கணும், அண்ணன் தங்கச்சி ஒரு ஸ்கூல், இவன் ஒரு ஸ்கூல்.

செபராங் ஜெயா அண்ணன்: நான் தலைமையாசிரியர் பக்கம். என் மக தமிழ்ப்பள்ளியில ரெண்டு வருஷம் கடைசி பெஞ்சுல படம் வரைஞ்சதுதான் மிச்சம். கெபாங்சா பிபிகேஐக்கு மாத்தினப்புறம்தான் பேரே எழுதக் கத்துக்கிட்டா. தமிழ் தமிழ்னு பிள்ளைய பலி குடுக்க முடியாதுங்க.

அண்ணே, நீங்க செஞ்சது சரி, நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். என் சண்டை அந்தக் கடைசி பெஞ்சோடதான். உள்ள விட்டுட்டா போதுமா? 2025க்குள்ள சிறப்புத் தேவைப் பிள்ளைங்கள்ல 75 சதவீதம் பேர் மத்த பிள்ளைங்களோட சேர்ந்து (இன்க்ளுசிவ்) படிக்கணும்னு அரசாங்கத்தோட கல்வி ப்ளூபிரிண்ட்ல இலக்கு போட்டாங்க, நான் பார்த்த ஒரு ஸ்கூல்ல மியூசிக் பீரியடுக்கு மட்டும் பிள்ளைங்கள அனுப்பிட்டு இன்க்ளுசிவ்னு ஃபைல்ல எழுதி வச்சாங்க. இது ஆசிரியர் தப்பு மட்டும் இல்ல, டைம்டேபிள் போடுறவர் தப்பு.

சார், உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எனக்கு வாய்ச்ச தலைமையாசிரியர் ஒருத்தர் சிறப்புக் கல்வியே படிக்காதவர். வீல்சேர்ல வர்ற பொண்ணு மூணாம் ஆண்டுக்கு வந்தப்போ வகுப்பு மாடியில இருந்துச்சு. அவர் லிஃப்டுக்கு மனு போடல, டிசம்பர் லீவுல மூணாம் ஆண்டு வகுப்பையே கீழ எறக்கிட்டாரு. செலவு ஒரு வெள்ளி இல்ல. தெனமும் காலையில கேட்டுல நின்னு அந்தப் பொண்ணு பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு, ரெண்டே வாரத்துல மத்த ஆசிரியர்களும் கூப்பிட ஆரம்பிச்சாங்க. உங்கள மாதிரி ஆளுங்க தலைமையாசிரியர் ஆகிறதுக்கான என்பிகியூஇஎல் கோர்ஸ் முடிச்சிருப்பீங்க, அதுல இது வந்துச்சான்னு தெரியல. ஆள் வேணும்னா நீங்களே பிபிடிக்கு லெட்டர் போடுங்க, உங்களுக்கும் அதேதான், எழுத்துல.

பிறை அக்கா: மூளை வளர சிரப் விக்கிறாங்க, 380 வெள்ளி, வாங்கலாமா?

வேணாம்.

சுங்கை பட்டாணி அம்மா: டீச்சர் ஓகேயு கார்டு எடுக்கலாமா, பின்னால...

ஐயோ. எடுங்கம்மா, எடுங்க. மூணாவது தடவ.

கேஎல் தாத்தா: பேரனுக்கு சூராட் பெரானாக் இல்ல. மருமக இந்தோனேசியா, மகன் மலேசியக்காரன். ஸ்கூல் சேர்க்க முடியுமா?

ஐயா, பெத்தவங்கள்ல ஒருத்தர் மலேசியரா இருந்தா ஸ்கூல்ல சேர்க்க வழி இருக்கு. பிபிடியில கேளுங்க, பதிவு இலாகாவுல மனு போட்டதுக்கு ரெசிட் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க. பையன் வளர்றதுக்குள்ள போங்க, அடுத்த வருஷம்னு தள்ளாதீங்க.

அதே தலைமையாசிரியர்: டீச்சர், கீழ் வகுப்பு யோசனை சரிதான். ஆனா கீழ இருக்கிற ரெண்டாம் ஆண்டு ஆசிரியைக்கு மூட்டுவலி, அவங்க மாடிக்கு ஏற மாட்டாங்க.

அவங்களையும் ஏத்தாதீங்க சார். உங்க ஆபிஸ் எந்த மாடியில இருக்கு?