பலகையோரத்தில் படிக்கும் பாடம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மகனும் டொராண்டோ மார்லீஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டங்களுக்குத் தவறாமல் போகிறோம். ஜூனியர் லீக்கில் ஆட்டத்துக்கு ஒன்றரைப் புள்ளி (கோலும், கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து) எடுத்த ஒரு இளம் விங்கர் (ஓரத்தில் ஆடும் முன்கள வீரர்) மேல் மகனுக்குக் கொள்ளைப் பிரியம். மார்லீஸ் ஆடும் ஏஎச்எல்லில், அதாவது உச்ச லீக்கான என்எச்எல்லுக்கு அடுத்த படியில், 20 ஆட்டம் முடிந்தும் 6 புள்ளிதான். மூன்றாவது லைனில் (மாறி மாறி இறங்கும் மூவர் கூட்டங்களில் மூன்றாவதில்) போட்டிருக்கிறார்கள். பையனைக் கெடுக்கிறார்களா? நேரே என்எச்எல்லுக்கு எடுத்தால் என்ன?

ஒரு வாசகர், ஸ்கார்பரோ

அன்புள்ள நண்பருக்கு,

6 புள்ளியை வைத்து எதையும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஜேசன் ராபர்ட்சனின் கணக்கைப் பாருங்கள். 2018-19இல் ஒன்டாரியோ ஹாக்கி லீக் என்ற ஜூனியர் லீக்கில் 62 ஆட்டத்தில் 117 புள்ளி, லீக்கிலேயே முதலிடம். அடுத்த வருடம் ஏஎச்எல்லில், டெக்சஸ் ஸ்டார்ஸுக்காக 60 ஆட்டத்தில் 47. பாதிக்கும் கீழே. ஸ்கேட்டிங் மெதுவு என்ற குறையும் டிராஃப்ட் (என்எச்எல் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) காலத்திலிருந்தே அவர் கூடவே வந்தது. 2022-23இல் என்எச்எல்லில் டல்லஸ் ஸ்டார்ஸுக்காக அவர் எடுத்தது 109.

ஜூனியரில் எதிரே நிற்பவர்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பிள்ளைகள். ஏஎச்எல்லில் முப்பதைத் தொட்ட, எட்டு வருடம் இதே வேலையாக இருக்கும் டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரன்) நிற்பான். ஒரு அணியின் 18 ஸ்கேட்டர்களில் (கோல்கீப்பர் நீங்கலான வீரர்கள்) 13 பேர் அனுபவம் குறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்று லீக்கில் விதி உண்டு. அவர்களில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டியிருக்கக் கூடாது, ஒருவருக்கு மட்டும் 320 வரை. மிச்சம் ஐந்து இடத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இளம் வீரனை மூச்சுவிட விடாதவர்கள் அவர்கள்தான்.

விங்கர் அங்கே முதலில் தோற்கும் இடம் கோல் பக்கம் அல்ல, சொந்த எல்லையின் பலகையோரம், அதாவது மைதானத்தைச் சுற்றி நிற்கும் பலகைச் சுவரின் ஓரம். நம் டிஃபென்ஸ்மேன் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) பலகையைச் சுற்றி அடித்து அனுப்புகிறான். விங்கர் அதை வாங்கி, நம் எல்லை முடியும் நீலக்கோட்டுக்கு வெளியே தள்ள வேண்டும். ஜூனியரில் வாங்கி, நிதானித்து, திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்கும். இங்கே எதிரணி டிஃபென்ஸ்மேன் நீலக்கோட்டிலிருந்து இறங்கி முதுகில் ஏறிவிடுவான். பையன் பலகையைப் பார்த்து நின்று மட்டையை மட்டும் நீட்டுகிறான்; பக் மட்டைக்கு அடியில் நழுவுகிறது; அடுத்த நொடி நம் கோல்கீப்பரின் முகத்துக்கு நேரே ஷாட்.

இதற்கான திருத்தம் சின்னச் சின்ன அசைவுகளில் இருக்கிறது. பக் வந்து சேரும் முன் தோளுக்கு மேலே இரண்டு முறை பின்னால் பார்க்க வேண்டும். பின்புறத்தைப் பலகையில் சாய்த்து, மார்பும் இடுப்பும் மைதானத்தின் நடுவை நோக்கித் திறந்திருக்க வேண்டும். மட்டை தவறவிட்டாலும் பக் ஸ்கேட்டில் பட்டு நிற்கும்படி காலை வைக்க வேண்டும். ஆள் நெருங்கிவிட்டால் அழகான பாஸ் தேடாமல், நடுவில் ஆடும் சென்டர் ஓடும் வழியில் ஒரு சின்னத் தட்டு, அதுவும் முடியாவிட்டால் பலகைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அடித்து வெளியே. சொல்ல எளிது; உடம்பில் ஏற மாதங்கள் ஆகும்.

அந்த மாதங்களை என்எச்எல்லில் யாரும் தரமாட்டார்கள். அங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டம், பயிற்சிக்கு நேரம் அரிது. ஏஎச்எல்லின் 72 ஆட்டங்களில் பெரும்பகுதி வார இறுதியில் வரும், சில வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்றும். உடம்பு நொந்துபோகும், உண்மைதான். ஆனால் வாரநாட்களில் பயிற்சியாளர் அவனை மட்டும் தனியே நிறுத்தி இதே பக்கை ஐம்பது முறை வாங்க வைக்கலாம். மேலே போய் நான்காவது லைனில் எட்டு நிமிடம் ஆடுவதைவிடக் கீழே பதினாறு, பதினெட்டு நிமிடம் ஆடுவதே இந்த வயதுக்குச் சோறு.

அந்தப் பையனை மேலே என்எச்எல்லுக்கு அழைத்து இரண்டே நாளில் திருப்பி அனுப்பினாலும் வருந்த வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். முதல் ஒப்பந்தத்தில் இருப்பவனைக் கீழே அனுப்பும்போது பெரும்பாலும் வேறு அணி பறித்துக்கொள்ள முடியாது. அதனால் அவனை அனுப்புவது அணிக்கு வசதி, பல சமயம் காரணம் அவ்வளவுதான்.

மூன்றாவது லைனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒரு கோல் முன்னிலையில் கடைசி இரண்டு நிமிடம் அவனை இறக்குகிறார்களா, பெனால்டி தடுப்புக்கு (தண்டனையால் ஓர் ஆள் குறைந்து ஆடும் நேரத்துக்கு) அனுப்புகிறார்களா என்று பாருங்கள். டிசம்பரில் இறக்காதவனை மார்ச்சில் இறக்கினால் பையன் வளர்கிறான். புள்ளி எடுத்தும் கடைசி நிமிடங்களில் பெஞ்சிலேயே இருந்தால்தான் நான் யோசிப்பேன்.

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது, மார்லீஸ் முதல் பீரியடில் காக்கும் கோல் பக்கமாக எடுங்கள். மூன்றாவது பீரியடிலும் அதே பக்கம்தான் காப்பார்கள். பக் பலகையைச் சுற்றி வரும் அந்த இரண்டு நொடியில் பக்கை விட்டுவிட்டு பையனின் தலையைப் பாருங்கள், திரும்புகிறதா என்று. இரண்டாவது பீரியடில் அணிகள் பக்கம் மாறுவதால் பெஞ்ச் தொலைவாகிவிடும். அப்போது அவன் ஒரு பக்கை வெளியே தள்ளத் தவறினால் ஐந்து பேரும் மாற்று ஆள் இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொள்வார்கள். 45 நொடியில் முடிய வேண்டிய ஷிஃப்ட் (ஒரு முறை இறங்கி ஆடும் நேரம்) அது. கைக்கடிகாரத்தில் மகனை எண்ணச் சொல்லுங்கள். பத்து ஆட்டம் கழித்து அந்த எண்களோடு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.