யானை போட்ட காமாட்சி விளக்கு

கேள்வி: கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த காமாட்சி விளக்கைத்தான் 19 வருஷமாக ஏற்றுகிறேன். போன மாதம் பாலிஷ் போடக் கொடுத்தபோது கடைக்காரர், "இதில் இருப்பது கஜலட்சுமி, காமாட்சி இல்லை, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். மனசே சரியில்லை. மாற்றிவிடவா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: மாற்றவே வேண்டாம் அம்மா. உருவத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான். காஞ்சிபுரத்துக் காமாட்சி கையில் கரும்பு வில், மலர்க்கணை, பாசம், அங்குசம் எல்லாம் இருக்கும். இரண்டு பக்கமும் யானை நின்று தும்பிக்கையைத் தூக்கினால் அது கஜலட்சுமி. ஆனால் நம் ஊர்க் கடைகளில் காமாட்சி விளக்கு என்று கேட்டால் பெரும்பாலும் இந்த யானை விளக்கைத்தான் எடுத்துத் தருவார்கள். பின்னால் அம்மன் தகடு, முன்னால் எண்ணெய்க் குழி, ஒற்றைத் திரி, இந்த வடிவத்துக்கே ஜனங்கள் காமாட்சி விளக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். புது மருமகள் கையில் கொடுத்து வீட்டுக்குள் அழைப்பதும் இதைத்தான். உங்கள் அம்மா பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்ததை ஒரு பேருக்காக ஒதுக்கிவைக்க எனக்கு மனசு வராது, உங்களுக்கும் வரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம், அந்த பாலிஷ். மெஷினில் அடிக்கடி கொடுத்தால் அம்மன் முகம் தேய்ந்து, மூக்கும் கண்ணும் மழுங்கிவிடும். புளியும் கொஞ்சம் கல் உப்பும் போதும், புளிப்பே களிம்பை எடுத்துவிடும். தேய்த்த உடனே நன்றாக அலசி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே கறுக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் குத்துவிளக்கில் எண்ணெய் ஏற்றி வைத்தால் தண்டு வழியாகக் கசிந்து கோலமெல்லாம் பாழாகிறது. என்ன செய்வது?
- வாசகர், கரூர்

பதில்: குத்துவிளக்கு ஒரே வார்ப்பு இல்லை. கும்பகோணம் பக்கத்தில், விளக்கு வார்ப்புக்குப் பேர்போன நாச்சியார்கோவில் ஊரில் பார்த்தால் தெரியும், பாதம், தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்துக் கடைந்து, மரை போட்டு முறுக்கிச் சேர்க்கிறார்கள். தட்டும் தண்டும் சேருகிற மரை தளர்ந்திருக்கும். கழற்றி, பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பாருங்கள். மரையே தேய்ந்துபோயிருந்தால் பாத்திரப் பட்டறையில் கொடுத்துப் பற்றவைக்கலாம். எண்ணெயோடு தூக்கும்போது அன்னத்தைப் பிடிக்காமல் பாதத்தில் கை கொடுத்துத் தூக்குங்கள்.