முட்டி எவ்ளோ மடங்குது, கை எவ்ளோ தூக்குது: மூட்டு அளவு பத்தி கேள்வி பதில்

கடலூர்ல பிசியோதெரபி பண்றேன். மூட்டு அசைவை அளக்கறது பத்தி கேட்டவங்களுக்கு என் பதில்.

நெல்லிக்குப்பத்துலேர்ந்து ஒரு தம்பி: அக்கா, அம்மாவுக்கு முட்டி மாத்துற ஆபரேஷன் ஆகி ஆறாவது வாரம். போன வாரம் 95 டிகிரி மடங்குதுன்னு எழுதினாங்க, இந்த வாரம் வேற ஒருத்தர் அளந்து 91ங்கறாரு. அம்மா அழுதுட்டே இருக்காங்க. குறையுதா?

அம்மாவ அழ வேணாம்னு சொல்லுங்க தம்பி, இத வச்சு குறைஞ்சுதுன்னு சொல்லவே முடியாது. ஒரே முட்டிய ரெண்டு பேர் கோனியோமீட்டர், அதான் மூட்டோட கோணத்த அளக்கற ரெண்டு கை வச்ச ஸ்கேல், வச்சு அளந்தா 5 டிகிரி முன்ன பின்ன வர்றது சாதாரணம், சில சமயம் அதுக்கு மேலயும் வரும். அதுவும் போன வாரம் எக்சர்சைஸ் முடிச்சு மூட்டு நல்லா இளகி இருக்கும்போது அளந்துட்டு, இந்த வாரம் பஸ்ல வந்து எறங்கி வீக்கத்தோட உக்காந்த உடனே அளந்தா ரெண்டு நம்பரும் எப்படி ஒத்துப்போகும்? ஒரே ஆள், ஒரே பொசிஷன், எக்சர்சைஸுக்கு முன்னாடின்னு கேட்டு வாங்குங்க. அம்மாவே மடக்கினதா (ஆக்டிவ்), அளக்கறவங்க புடிச்சு மடக்கினதா (பாஸிவ்)ன்னும் எழுதச் சொல்லுங்க, ஆக்டிவ் வேற பாஸிவ் வேற.

இன்னொண்ணு, எல்லாரும் மடக்கறதையே பாக்கறாங்க, முட்டி நேரா நீட்டி 0 வருதான்னு யாரும் கேக்கறதில்ல. 10 டிகிரி நீட்ட முடியாம நின்னுபோச்சுன்னா நடையே நொண்டும். படுக்கும்போது முட்டிக்கு அடியில தலகாணி வச்சு சுகமா விடாதீங்க. ஜுரம், காயம் செவந்து போறது, கெண்டக்கால் வீங்கி வலிக்கறதுன்னு இருந்தா அளவெல்லாம் அப்புறம், உடனே ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட போங்க.

புதுச்சேரி, பிபிடி (பிசியோதெரபி டிகிரி) படிக்கிற தங்கச்சி: மேடம், எனக்கும் என் பேட்ச்மேட்டுக்கும் ஒரே பேஷண்ட் முட்டில 12 டிகிரி வித்தியாசம் வருது. யார் மேல தப்பு?

பெரும்பாலும் கோனியோமீட்டரோட மேல் ஆர்ம வைக்கிற எடத்துலதான் தப்பு இருக்கும்மா. ஆக்சிஸ் (ரெண்டு கையும் சேர்ற எடம்) லேட்டரல் எபிகாண்டைல் (முட்டிக்கு வெளிப்பக்க எலும்பு மேடு) மேல, மூவிங் ஆர்ம் (நகர்ற கை) லேட்டரல் மெலியோலஸ (கணுக்காலுக்கு வெளிப்பக்க எலும்பு) பாத்து, இது ரெண்டும் எலும்பு தோலுக்கு அடியிலயே தட்டுப்படும், எல்லாரும் சரியா வச்சிருவாங்க. அந்த மேல் ஆர்ம், அதான் நகராத ஸ்டேஷனரி ஆர்ம், கிரேட்டர் ட்ரோகான்டர (இடுப்புக்கு வெளிப்பக்கம் தொடை எலும்போட மேடு) பாத்து இருக்கணும், அது புடவைக்கும் சதைக்கும் உள்ள ஒளிஞ்சு கெடக்கு, அதனால தொடையோட நடுவ குத்துமதிப்பா புடிச்சிடறீங்க. தொடைய மெதுவா உள்ள வெளிய உருட்டி பாரு, விரலுக்கு அடியில அந்த எலும்பு உருளும். பேஷண்ட்கிட்ட சொல்லிட்டு, ஸ்க்ரீன் போட்டுட்டு பண்ணு. மல்லாக்க படுக்க வச்சு குதிகால பெட்லயே இழுத்து மடக்க சொல்லு, குப்புற படுத்து மடக்கினா தொடை முன்தசை இழுத்து கொறைவா காட்டும். ஸ்கேல கண்ணுக்கு நேரா வச்சு படி. 88 வந்தா 88னு எழுது, 90ன்னு எழுதாத.

லாஸ்பேட்டை: மூட்டு அளக்க போன் ஆப் போதுமா?

முட்டி மடக்கறதுக்கு நல்லாவே வேலை செய்யும். ஆனா போன்ல இருக்கற அந்த சாய்மான அளவு புவியீர்ப்ப வச்சு ஓடுது, அதனால நின்னுகிட்டு முழங்கைய ஒடம்போட ஒட்டி வச்சு கைய வெளிப்பக்கம் திருப்புற மாதிரி தரைக்கு சமமா போற அசைவுக்கு அது சரியா வராது.

தாழங்குடா, கடலுக்கு போற அண்ணன்: சர்க்கரை இருக்கு. தோள் வலிக்குது, ராத்திரி தூக்கமில்ல. ஆனா கை 140 வரைக்கும் போகுதுன்னாங்க, அப்ப பரவால்லதானே?

அந்த 140ல தோள் எவ்ளோ, முதுகு எவ்ளோன்னு பாக்கணும்ணே. இடுப்ப வளைச்சு தோள்பட்டைய தூக்கிட்டா கை மேல போன மாதிரிதான் தெரியும். மல்லாக்க படுத்து முட்டிய மடிச்சு, முதுகு பெட்ட விட்டு எழாம பாத்துக்கிட்டு தூக்கினா 140 ரொம்பவே எறங்கிடலாம். ஃப்ரோசன் ஷோல்டர்ல (தோள் மூட்டு இறுகிப்போறது) மொதல்ல அதிகமா அடிபடறது கைய வெளிப்பக்கம் திருப்பறதுதான், சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது அதிகமா வருது. நீங்களும் திருப்ப முடியல, நாங்க புடிச்சு திருப்பினாலும் வரலன்னா ஃப்ரோசன் ஷோல்டர்னு சந்தேகம். நாங்க தூக்கினா வருது, நீங்களா தூக்க முடியலன்னா தசைநார் கிழிஞ்சிருக்கான்னு பாக்கணும். எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துட்டு வாங்க, வலையிழுக்கற வேலைய இப்போதைக்கு மத்தவங்ககிட்ட குடுங்கண்ணே.

பண்ருட்டி: அப்பாவுக்கு முழங்கை எலும்பு முறிஞ்சு கட்டு பிரிச்சாச்சு, சோறு வாய்க்கு எட்டல. எண்ணெ போட்டு நல்லா நீவி மடக்கலாம்னு ஊர்ல சொல்றாங்க, செய்யலாமா?

வேணவே வேணாம்! முழங்கைய பலமா நீவி முறுக்கினா தசைக்குள்ளயே எலும்பு வளர வாய்ப்பிருக்கு, அப்புறம் இருக்கற அசைவும் போயிடும். முழங்கை 30 டிகிரிலேர்ந்து 130 வரைக்கும் வந்தாலே சாப்பிடறது, தல சீவறது, சட்ட பட்டன் போடறதுன்னு அன்றாட வேலை பெரும்பாலும் ஓடிடும். அவரே வலி பொறுக்கற அளவுக்கு மடக்கி நீட்டட்டும், கொஞ்சம் கொஞ்சமா, நாளுக்கு பல தடவ. புடிச்சு மடக்கும்போது கல்லுல இடிச்ச மாதிரி டக்குனு நின்னுதுன்னா அங்க எலும்புதான் தடுக்குது, அதுக்கு மேல தள்ளாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.